ஜம்போரியின் தம்பி

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இப்போதெல்லாம் பள்ளிக் கடிதங்கள் புத்தகப்பைக்குள் கசங்கி வருவதில்லை. பெற்றோர் புலனக் குழுவில் வந்து விழுகின்றன. மகள் படிவம் இரண்டில் படிக்கிறாள், சாரணர் இயக்கத்தில் இருக்கிறாள். மூன்று நாள் முகாம், கட்டணம் 120 வெள்ளி, பெற்றோர் ஒப்புதல், ஒவ்வாமை ஏதும் உண்டா என்ற கேள்வி என எல்லாம் வழக்கமானவைதாம். தலைப்பில்தான் என் கண் நின்றது. மாவட்ட அளவிலான 'ஜம்போரி' என்று போட்டிருந்தார்கள்.

மனைவி சமையலறையிலிருந்தே கேட்டார். "ஜம்போரின்னா, அந்தக் கொரியாவுல நடந்துச்சே, அதுவா?"

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கும் பகுதியில் 25ஆவது உலக ஜம்போரி நடந்தது. கடலிலிருந்து மீட்ட நிலம், ஒதுங்க மர நிழல் கிடையாது. 40,000க்கும் அதிகமானோர் கூடாரம் போட்டிருந்தார்கள். வெயில் தாங்காமல் நூற்றுக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் குழுக்கள் முன்கூட்டியே முகாமை விட்டு வெளியேறின. பிறகு புயல் வருகிறதென்று மீதி இருந்தவர்களையும் பேருந்துகளில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் அதே செய்திதான்.

"இல்ல, இது நம்ம மாவட்டத்துக்குள்ளதான். சாதாரண முகாம்" என்றேன்.

"அப்புறம் ஏன் ஜம்போரின்னு போட்டிருக்காங்க?"

பதில் என்னிடம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. ஜம்போரி அல்லாத ஒன்றை ஜம்போரி என்று சொல்லி ஒரு குடும்பத்தையே நம்ப வைத்தவன் நான். அது 1986இல்.

அப்போது நாங்கள் சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால்மரம் சீவினார், அம்மா வெளிக்காட்டு வேலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்கு வந்திருந்தேன். சீருடை இயக்கம் ஒன்றில் சேர வேண்டும் என்றார்கள். கழுத்தில் கட்டும் துணிக்கு ஆசைப்பட்டுச் சாரணர் இயக்கத்தில் சேர்ந்தேன். சட்டை பழையது, படிவம் ஐந்து முடித்துப் போன ஓர் அண்ணன் கொடுத்தது. தோள்பட்டை என் முழங்கை வரை வந்தது.

ஒரு நாள் சைக்ளோஸ்டைல் மையின் வாடையோடு ஒரு கடிதம் கொடுத்தார்கள். மலாயில் இருந்தது. பள்ளி விடுமுறையில் மூன்று இரவு முகாம், ஜெராய் மலை அடிவாரத்தில். கட்டணம் 18 வெள்ளி. நிகழ்ச்சியின் பெயர் 'கொரோபோரி'.

பொருளாதார மந்தக் காலம் அது. பால் விலை விழுந்து கிடந்தது. 18 வெள்ளி என்பது அப்பாவுக்கு எத்தனை மரத்துக் கூலி என்று எனக்குத் தெரியும். அதே வாரத்தில்தான் அக்காவுக்குப் பட்டணத்தில் தையல் வகுப்பில் சேரப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அவள் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவள். அந்த வகுப்புக்காக ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா 20 வெள்ளி எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன்.

"கொரோ... என்னது?" என்றார்.

அது என்னவென்று எனக்கும் தெரியாது. அந்தச் சொல்லுக்குக் காசு கிடைக்காது என்பது மட்டும் அவர் முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது. எங்கள் பள்ளிச் சாரணர் அறையின் சுவரில் ஒரு பழைய படம் ஒட்டியிருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூடாரங்கள், பல நாட்டுக் கொடிகள். பெரிய பையன்கள் அதைக் காட்டி 'ஜம்போரி' என்பார்கள். அந்தப் படம் மனதில் வந்தது.

"ஜம்போரிப்பா. உலகத்துல உள்ள சாரணர் பையன்க எல்லாம் வருவாங்க. நம்ம பள்ளியிலேருந்து கொஞ்சம் பேரைத்தான் எடுத்திருக்காங்க."

மறுநாள் காலை சாமி படத்துக்குப் பின்னால் இருந்த 20 வெள்ளி என் கையில் இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அடுத்த வகுப்பு ஆறு மாதம் கழித்துத்தான்.

பொய் சொன்னவனுக்குப் பொய் அதோடு முடிந்துவிடும் என்று நினைப்பு. அப்பா அதைப் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுபோனார். கிராணியிடம் சொன்னார். சீனன் கடையில் சொன்னார். மாரியம்மன் கோயில் பூசாரி என் நெற்றியில் விபூதி வைத்து, "ஜம்போரிக்குப் போற புள்ள" என்றார். அந்த ஒரு வாரம் நான் தோட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பார்த்தேன்.

முகாமைப் பற்றிச் சொன்னால் இன்னும் இரண்டு வாரத்துக்கு எழுதலாம். எங்கள் அணித் தலைவன் ஒரு சீனப் பையன். கயிறு கட்டுவதில் கெட்டிக்காரன். மூன்று கம்பும் ஒரு கயிறும் கொடுத்தால் பாத்திரம் கழுவும் மேடை, செருப்பு வைக்கும் தட்டு, அடுப்பு என்று ஒரு வீட்டையே எழுப்பிவிடுவான். எனக்குச் சோறு ஆக்கும் வேலை. அடியில் கருகி, நடுவில் வெந்து, மேலே அரிசியாகவே இருந்த சோற்றை எட்டுப் பேர் நெத்திலி சம்பலோடு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றோம். இரண்டாம் இரவு மழை. கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டச் சொல்லியிருந்தார்கள். விளையாட்டு மும்முரத்தில் பேருக்குத்தான் வெட்டியிருந்தோம். நடு இரவில் என் முதுகுக்கடியில் தண்ணீர் ஓடியது. பக்கத்தில் படுத்திருந்த மலாய்ப் பையன் தூக்கத்திலேயே "பஞ்சிர், பஞ்சிர்" என்று கத்த, எல்லாரும் எழுந்து துணிப்பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றோம். அவ்வளவு சிரித்தது என் வாழ்க்கையில் அதற்கு முன் இல்லை.

நுழைவாயிலில் மூங்கிலால் ஒரு வளைவு கட்டி, அட்டையில் எழுத்து வெட்டி, பெரிதாக 'கொரோபோரி' என்று தொங்கவிட்டிருந்தார்கள். அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு பிசையும்.

கடைசி இரவு முகாம்தீ. பெற்றோர் வரலாம் என்று ஓர் அழைப்புச் சீட்டு கொடுத்திருந்தார்கள். அதை நான் வீட்டில் காட்டவே இல்லை. ஆனால் தோட்டத்தில் இரகசியம் எங்கே தங்கும்? என்னுடன் படித்த பக்கத்து லயத்துப் பையன் சொல்லிவிட்டான். இருட்டும் நேரம், தோட்டத்து லாரி வந்து வாசலில் நின்றது. டிரைவர் மாமா இறங்கினார். பின்னாலிருந்து அப்பா, பூசாரி, இன்னும் மூன்று பேர். அப்பா கோயில் திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் பிஸ்கட் டின், அதில் அம்மா சுட்ட முறுக்கு. வெளிநாட்டுப் பையன்களுக்கும் சேர்த்துச் சுட்டது என்று பிறகு தெரிந்தது.

டிரைவர் மாமாவுக்கு மலாய் எழுத்துத் தெரியும். வளைவை அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "கொ-ரோ-போ-ரி. இது ஜம்போரின்னு இல்லையே?"

அப்பா சுற்றிலும் பார்த்தார். நம் ஊர்ப் பையன்கள்தாம். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த சாரண ஆசிரியர் தமிழர். அப்பா நேரே அவரிடம் போனார். நான் விறகு அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"வாத்தியாரையா, இங்க ஜம்போரி நடக்குதுன்னு பையன் சொன்னான். அது எந்தப் பக்கங்க?"

ஆசிரியர் ஒரு நொடி பேசவில்லை. விறகு அடுக்கின் பக்கம் அவர் கண் வந்து போனது.

"இதுதாங்க. இது ஜம்போரியோட தம்பி. அண்ணன் நாலு வருசத்துக்கு ஒரு தடவை எங்கயோ தூர தேசத்துல வருவாரு. தம்பிதாங்க நம்ம வீட்டுப் பக்கம் அடிக்கடி வர்றவன்."

"அப்படிங்களா" என்றார் அப்பா. அதற்குமேல் கேட்கவில்லை. ஐந்து பேரும் நனைந்த புல்லில் உட்கார்ந்து, எங்கள் அணி போட்ட நாடகத்தைப் பார்த்தார்கள். நான் அதில் புலி. அப்பா பலமாகக் கை தட்டினார். முறுக்கு எட்டுப் பள்ளிப் பையன்களுக்குப் போனது. கிளம்பும்போது என் சட்டைப் பையில் ஒரு வெள்ளி நோட்டைத் திணித்துவிட்டு லாரியில் ஏறினார்.

பள்ளி திறந்ததும் முதல் சாரணர் கூட்டத்தில் ஆசிரியர் கரும்பலகையில் வரிசையாகச் சில பெயர்களை எழுதினார். என்னைப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். அன்று கேட்டதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறக்குறைய 20 பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடாரம் போட்டார். சாரணர் இயக்கத்தின் தொடக்கம் அது. ஆனால் அதற்குப் பெரிய பெயர் எதுவும் கிடையாது, வெறும் முகாம். பெயர் வந்தது 1920இல். லண்டனில் ஒலிம்பியா என்ற கண்காட்சிக் கூடத்தில் 34 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 8,000 சாரணர்கள் கூடியபோது, அதை ஜம்போரி என்றார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சுவழக்கில் கூச்சலும் கும்மாளமுமான கொண்டாட்டத்துக்கு இருந்த சொல் அது. அந்தப் பையன்களில் பலர் தேம்ஸ் நதிக்கரையில் ரிச்மண்ட் என்ற இடத்தில் தங்கினார்கள். ஓர் இரவு ஆறு பெருகிக் கூடாரங்களுக்குள் வந்துவிட்டதாம். அதைக் கேட்டபோது எங்களுக்கு ஒரே பெருமை. உலகின் முதல் ஜம்போரியிலும் பஞ்சிர்!

அண்ணன் வந்ததும் தம்பிகளுக்கும் பெயர் வேண்டியிருந்தது. அளவில் சிறிய ஜம்போரி 'ஜம்போரெட்'. அமெரிக்காவில் வட்டார அளவில் துருப்புகள் கூடினால் 'கேம்போரி', முகாமையும் ஜம்போரியையும் ஒட்டுப்போட்ட சொல். ரோவர்கள், அதாவது மூத்த சாரணர்கள், கூடுவது 'மூட்'. ஆங்கிலத்தின் மிகப் பழைய சொல்லான அதற்கு ஊர்க்கூட்டம் என்று பொருள். முதல் உலக மூட் 1931இல் சுவிட்சர்லாந்தின் காண்டர்ஸ்டெக்கில் நடந்தது. சாரண ஆசிரியர்கள் கூடிப் பேசினால் 'இண்டாபா', இது தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் சபை, பேச்சு. வீட்டை விட்டு நகராமலேயே வானொலிக் கருவி வழியாகப் பல நாட்டுச் சாரணர்கள் பேசிக்கொள்ளும் 'வான்வழி ஜம்போரி'யும் உண்டு. அது 1958இல் தொடங்கியது.

நம் கொரோபோரி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சொல். சிட்னி வட்டாரத்துப் பூர்வகுடிகளின் மொழியில், இரவில் நெருப்பைச் சுற்றி ஆடிப்பாடும் கூட்டத்துக்கான சொல்லை வெள்ளையர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அங்கிருந்து சாரணர்களிடம் வந்து, மலாய் எழுத்தில் ஏறி, ஜெராய் மலை அடிவாரத்தில் எங்கள் மூங்கில் வளைவில் தொங்கியது. அந்த மக்களுக்கு அது சடங்கோடு சேர்ந்தது. கேட்காமல் எடுத்துக்கொண்ட சொல் என்ற உறுத்தல் எனக்கு இப்போது உண்டு. 14 வயதில் அதெல்லாம் தெரியவில்லை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடிய இரவுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது என்று மட்டும் தோன்றியது. கையில் இருந்த நல்ல பெயரை விட்டுவிட்டு அண்ணன் பெயரைத் திருடியிருக்கிறேன்.

தமிழில் ஜம்போரிக்கு 'பெருந்திரளணி' என்று பெயர். 2025 தொடக்கத்தில் திருச்சிக்குப் பக்கத்தில் மணப்பாறையில் இந்தியச் சாரண சாரணியரின் வைரவிழா நடந்தபோது செய்திகளில் அந்தச் சொல் அடிபட்டது. வாய் நிறையும் சொல்தான். ஆனால் தம்பிகளுக்கு நம்மிடம் தனிப் பெயர் இல்லை. எல்லாமே முகாம். அந்தச் சொல்லும் அரபு வழியில் வந்தது. 'பாசறை' நம்முடையது, ஆனால் அது படை தங்கிய இடம். கருகிய சோற்றுக்கும் புலி நாடகத்துக்கும் பாசறை என்பது கொஞ்சம் அதிகம்.

இப்போது மகளின் கடிதத்துக்கு வருகிறேன். மாவட்ட முகாமை ஜம்போரி என்று போட்ட ஆசிரியரை எனக்குப் புரிகிறது. பெரிய பெயர் போட்டால்தான் பெற்றோர் 120 வெள்ளி எடுப்பார்கள். நாமும் அப்படித்தானே இருக்கிறோம்? இருபது பேர் வரும் நிகழ்ச்சிக்கு 'மாபெரும்' என்று பதாகை அடிக்கிறோம். பக்கத்து நாட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டால் 'அனைத்துலக' என்கிறோம். இதில் ஒரு நட்டம் இருக்கிறது. நாளை அந்தப் பிள்ளை உண்மையிலேயே ஓர் உலக ஜம்போரிக்குத் தேர்வானால், அடுத்தது 2027இல் போலந்தில், அதை வீட்டில் என்ன பெயர் சொல்லிச் சொல்லும்? "அதான் போன வருசமே போயிட்டு வந்தியே" என்பார்கள்.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்து, 18 வெள்ளிக் கதைக்கு வந்ததும் நிறுத்தினேன். அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவருக்கு இப்போது 80 வயது, எங்களோடுதான் இருக்கிறார். காது மந்தம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேண்டியது கேட்கிறது.

"பாப்பா, இங்க வா" என்று பேத்தியைக் கூப்பிட்டார். "நீ போறது அண்ணனா, தம்பியா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"தம்பிதான்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மகள் உள்ளே போனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அன்னிக்கே தெரியுமாப்பா?"

"லாரியில வர்றப்பவே டிரைவர் சொல்லிட்டான், இது வேற என்னமோன்னு."

"அப்புறமும் தோட்டத்துல எல்லார்கிட்டயும் ஜம்போரின்னே சொல்லிக்கிட்டிருந்தீங்களே?"

"நாலு பேருகிட்ட சொல்லியாச்சு. அதுக்கப்புறம் அது நான் சொன்ன பொய்யா ஆயிடுச்சு." வெற்றிலையை மடித்தார். "லாரியில வந்த அஞ்சு பேரும் வாயத் தொறக்கல, பாத்தியா? பூசாரி சாகிற வரைக்கும் சொல்லல."

அந்த முகாமில் கொடுத்த துணிச் சின்னம் ஒன்று உண்டு. மஞ்சள் வட்டத்தில் ஒரு கூடாரம், கீழே 'கொரோபோரி' என்று பச்சை நூல். வீட்டுக்கு வந்ததும் அதை என் சட்டைக் கையில் தைத்தது அக்காதான். படிவம் மூன்று வரை படித்தவள், எழுத்துத் தெரியும். ஊசியைக் கோத்துக்கொண்டே, "இதுல ஜம்போரின்னு இல்லையே" என்றாள். மலாயில் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொடிப் பொடியாகத் தையல் போட்டுக் கொடுத்தாள். அந்தச் சட்டை நைந்து போன பிறகும் சின்னம் கழன்று வரவில்லை. அவளிடம் நான் இன்றுவரை அந்த 20 வெள்ளியைப் பற்றிப் பேசியதில்லை. ஆறு மாதம் கழித்து வகுப்பில் சேர்ந்தாள், இப்போது சுங்கைப்பட்டாணியில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அப்பா சட்டைப் பையிலிருந்து 20 வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"கட்டணம் 120 வெள்ளிப்பா, கட்டியாச்சு."

"இது பாப்பாவுக்கு இல்ல. சீனிப்பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப அக்காகிட்ட நீயே குடு. பேட்ஜ் தைக்கணுமில்ல, அப்பவே சொல்லிடு."